நீரில் லேசர் அயனியாக்கம்: எலக்ட்ரான்களில் ஒரு பகுதி மட்டும் ஏன் தப்பிவிடுகிறது?

கேள்வி (ஆய்வு மாணவி)

வணக்கம். தூய நீரின் மெல்லிய தாரையில் 266 நானோமீட்டர் ஃபெம்டோ விநாடித் துடிப்பைப் பாய்ச்சி, நீர் சூழ்ந்த எலக்ட்ரானின் உட்கவர்தலை 720 நானோமீட்டரில் அளந்து வருகிறேன். குறிகை ஓரிரு பிக்கோ விநாடிக்குள் உச்சத்தை எட்டி, பிறகு சில நூறு பிக்கோ விநாடிகளுக்குச் சரிந்து, சுழியைத் தொடாமல் ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. அந்தச் சரிவு ஒற்றை அடுக்குக்குறிச் சார்புக்குப் பொருந்தவில்லை. லேசர் செறிவைக் கூட்டினால் மட்டம் உயரவும் செய்கிறது. எலக்ட்ரான்கள் நெருக்கமாக உண்டானால் மறுசேர்க்கை (வெளியேறிய எலக்ட்ரான் மீண்டும் பிடிபட்டு மறைவது) மிகுந்து மட்டம் தாழத்தானே வேண்டும்?

மறுமொழி 1

சரிவு ஏன் ஒற்றை அடுக்குக்குறியாக இல்லை என்பதிலிருந்து தொடங்கினால் மற்றவை எளிதாகும். 266 நானோமீட்டரில் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து சுமார் 9.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தருகின்றன. வெளியேறும் எலக்ட்ரான் தான் பிறந்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தள்ளி நின்று, ஒரு பிக்கோ விநாடிக்குள் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைத் திருப்பி அமைத்துக்கொள்கிறது. எஞ்சிய நேரயனியோ 100 ஃபெம்டோ விநாடிக்குள்ளாகவே அண்டை மூலக்கூறுக்குப் புரோட்டானைக் கொடுத்துவிடுவதால், எலக்ட்ரான் திரும்பி வந்தாலும் அங்கே அதன் தாய் மூலக்கூறு இருப்பதில்லை. ஹைட்ராக்சில் தனி உறுப்பும் ஹைட்ரோனியம் அயனியுமே இருக்கின்றன. எலக்ட்ரானையும் அது விட்டுவந்த இந்த எச்சங்களையும் ஓர் இணை என்று கொள்வோம். ஒவ்வோர் இணையின் இடைவெளியும் வெவ்வேறாக இருப்பதால், அருகில் நின்றவை முதலில் சேர்கின்றன. விரவலால், அதாவது மூலக்கூறு மோதல்களால் தாறுமாறாக நகர்ந்து, விலகியவை பிறகு ஒன்றையொன்று சந்திப்பதே அரிது; அப்படித் தப்பியவையே உங்கள் மட்டம். நீங்கள் காணும் வளைகோடு இந்த இடைவெளிகளின் பரவலே. அதிலிருந்து எலக்ட்ரானின் ஆயுட்காலம் என்று ஓர் எண்ணைப் பிரித்தெடுக்க முயல வேண்டாம்.

நெருக்கம் பற்றிய உங்கள் ஐயத்துக்கு ஒரு கணக்குப் போதும். எலக்ட்ரான்களின் செறிவு லிட்டருக்கு ஒரு மில்லிமோல் என்று வைத்துக்கொண்டாலும், இணைகளுக்கு இடையிலான சராசரித் தொலைவு சுமார் 12 நானோமீட்டர் ஆகும். முதல் சில நூறு பிக்கோ விநாடிகளில் ஒவ்வோர் இணையும் பெரும்பாலும் தனித்தே இயங்குகிறது.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனால் மட்டம் உயர்வதற்கான காரணம் அதில் வரவில்லை. லேசர் செறிவு மிகும்போது மூன்றாவது ஃபோட்டானும் உட்கவரப்படுகிறது; மொத்த ஆற்றல் 14 எலக்ட்ரான் வோல்ட்டை நெருங்கி, எலக்ட்ரான் சில நானோமீட்டர் தொலைவுக்கு எறியப்படுவதால் தப்பும் பங்கு கூடுகிறது. தொடக்க உட்கவர்தலையும் லேசர் செறிவையும் மடக்கைத் தாளில் வரைந்து பாருங்கள். சாய்வு 2-லிருந்து 3-ஐ நோக்கி நகர்ந்தால் இதுவே விளக்கம். சாய்வு 2 ஆக இருக்கும் பகுதிக்குள் அளந்த தரவுகளை மட்டுமே பொருத்துதலுக்குப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. எதிரெதிர் மின்னூட்டம் கொண்டிருந்தும் ஹைட்ரோனியத்துடன் நிகழும் வினை விரவல் வரம்பை, அதாவது சந்தித்தவுடனேயே வினை நிகழும் உச்ச வேகத்தை, எட்டுவதில்லை. எலக்ட்ரானைப் பெருமளவு பிடிப்பது மின்னூட்டமற்ற ஹைட்ராக்சில்தான். பெர்குளோரிக் அமிலத்தை 0.1 மோலார் அளவில் சேர்த்தால், வினைவேக மாறிலி 2.3 × 10¹⁰ லிட்டர்/(மோல்·விநாடி) என்பதால் எலக்ட்ரான்கள் சுமார் 0.4 நானோ விநாடிக் கால அளவில் குறைந்து, உங்கள் மட்டம் மறைந்துவிடும். கருவி சரியாக இருக்கிறதா என்பதைச் சோதிக்க இது நம்பகமான வழி.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சாய்வை வரைந்து பார்க்கிறேன். இதே அளவீட்டை ஹெக்சேனில் செய்தால் அதிக எலக்ட்ரான்கள் தப்பும் என்று எதிர்பார்க்கலாமா? அங்கே அவை இன்னும் தொலைவுக்குச் செல்வதாகப் படித்திருக்கிறேன்.

மறுமொழி 1

தொலைவாகச் செல்வது உண்மையே, ஆனாலும் தப்புவது மிகக் குறைவு. மின்னீர்ப்பு ஆற்றல் வெப்ப ஆற்றலுக்குச் சமமாகும் தொலைவை ஆன்சாகர் ஆரம் என்பார்கள். மின்னீர்ப்பை ஊடகம் எத்தனை மடங்கு தணிக்கிறது என்பதைக் காட்டும் மின்காப்பு மாறிலி சுமார் 78 ஆக உள்ள நீரில் அது 0.7 நானோமீட்டர், மாறிலி 1.9 மட்டுமே கொண்ட ஹெக்சேனில் ஏறத்தாழ 30 நானோமீட்டர். சில நானோமீட்டர் விலகிய எலக்ட்ரான் அங்கே இன்னும் தன் நேரயனியின் பிடிக்குள்தான் இருக்கிறது. மேலும் அதன் உட்கவர்தல் அகச்சிவப்பில் அமைவதால் 720 நானோமீட்டர் உதவாது. தப்பியவற்றை அறிய மின்புலம் செலுத்தி மின்கடத்துத்திறனை அளப்பதே வழக்கம்.