மின்சார பிக்கப்: தினசரி ஓட்டத்தில் எது எப்படி இருக்கிறது?

அமெரிக்காவில் நாலு ஊர்களில் நாலு விதமான மின்சார பிக்கப் (பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தளம் உள்ள வண்டி) வைத்திருக்கும் நாலு பேர், ஆளுக்கொரு பகுதியாக எழுதியது இது.

ஹூஸ்டன், ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்

மின்சார பிக்கப் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை மைல் போகும்?" என்றுதான். என் அனுபவத்தில் அது நாலாவது, ஐந்தாவதாக வர வேண்டிய கேள்வி. வீட்டில் சார்ஜ் செய்ய 240 வோல்ட் இணைப்பு போட வசதி இருக்கிறதா, கராஜ் எவ்வளவு நீளம், வாரநாட்களில் வண்டியில் எதை ஏற்றப் போகிறீர்கள், ட்ரெய்லர் இழுப்பீர்களா? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த வண்டி என்பது பாதி முடிவாகிவிடும்.

என்னுடையது பெரிய பேட்டரி லைட்னிங். 131 கிலோவாட்-மணி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ-வின் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 320 மைல். வாங்குவதற்கு முன் ரிவியன் நிறுவனத்தின் ஆர்1டி பிக்கப்பையும் ஓட்டிப் பார்த்தேன். ஓட்டும் சுகத்தில் ரிவியன்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஐந்தரை அடி பெட்டும் (பின்னால் சாமான் ஏற்றும் தளம்) முகப்புக்குள் இருக்கும் முன்பெட்டியும் என்னை ஃபோர்டு பக்கம் இழுத்துவிட்டன.

முன்பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் 14 கன அடி இடம், 400 பவுண்டு வரை எடை தாங்கும். முகப்பு முழுவதுமே மேலே தூக்கிக்கொள்வதால் பையை உயர்த்தி உள்ளே போட வேண்டியதில்லை. சாதாரண பிக்கப்பில் மளிகை வாங்கினால் ஒன்று பின்சீட்டில் அடுக்க வேண்டும், இல்லையென்றால் திறந்த பெட்டில் தக்காளி உருண்டுகொண்டே வீடு வரும். ஹூஸ்டன் மழையில் அதுவும் முடியாது. இதில் பூட்டிக்கொண்டு போகலாம். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருப்பதால் ஐஸ் கொட்டி மீன்கூட எடுத்து வருகிறேன். நான் இந்த வண்டியில் தினமும் பயன்படுத்துவது பின்பக்கத்தை அல்ல, முன்பக்கத்தைத்தான்.

அடுத்தது மின்சாரம். 2024 ஜூலை 8-ஆம் தேதி பெரில் புயல் வந்தபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போய்விட்டது. வெயில் கொளுத்துகிற மாதம். என் வண்டியில் 9.6 கிலோவாட் வரை வெளியே எடுக்கலாம். நான் வீட்டு மின்சாரப் பெட்டியோடு இணைக்கும் தனி அமைப்பைப் போடவில்லை, எக்ஸ்டென்ஷன் ஒயர்தான் இழுத்தேன். ஃப்ரிட்ஜ், மின்விசிறிகள், ஒரு அறைக்கு ஜன்னல் ஏசி, பக்கத்து வீட்டுப் பெரியவரின் இன்சுலின் இருந்த சின்ன ஃப்ரிட்ஜ். இதெல்லாம் சேர்த்துச் சராசரியாக ஒரு கிலோவாட் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 24 கிலோவாட்-மணி. முழு பேட்டரியோடு ஆரம்பித்தால் ஐந்து நாள் ஓட்டலாம். சத்தம் இல்லை, புகை இல்லை, பெட்ரோல் வரிசையில் நிற்க வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: முறையான மாற்று ஸ்விட்ச் இல்லாமல் துணி உலர்த்தும் ட்ரையரின் ப்ளக் வழியாக வீட்டு ஒயரிங்குக்குள் மின்சாரத்தைத் திருப்பி விடாதீர்கள். வெளியே கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிர் போய்விடும்.

கராஜ் விஷயம். லைட்னிங் கிட்டத்தட்ட 233 அங்குலம். 20 அடி கராஜில் விட்டால் முன்னும் பின்னும் சேர்த்து ஏழு அங்குலம்தான் மிஞ்சும். ரிவியன் 217 அங்குலம், டெஸ்லாவின் சைபர்டிரக் 224. படத்தில் பார்க்கும்போது தெரியாது, கதவை மூடும்போதுதான் தெரியும். டேப் எடுத்து அளந்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கு: 10,000 பவுண்டு இழுக்கும் என்பது உண்மை, இழுக்கும்போது தெம்புக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு சார்ஜில் போகும் மைல் பாதியாகிவிடும். எடையைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. தாழ்வான படகைவிட, உயரமான மூடிய ட்ரெய்லர் அதிகமாகக் குடிக்கும். கால்வெஸ்டன் போய்வர எனக்குக் கவலை இல்லை. சான் அன்டோனியோ என்றால் வழியில் நிறுத்தியே ஆக வேண்டும். பெரும்பாலான சார்ஜர்கள் கார் நிறுத்தும் இடம் மாதிரி அமைந்திருப்பதால் ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். 15-இலிருந்து 80 சதவீதம் ஏற நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். மாதத்துக்கு ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வாரா வாரம் தொலைதூரம் இழுப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மினியாபொலிஸ், ரிவியன் ஆர்1டி

ஹூஸ்டன் அண்ணா முன்பெட்டியைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வண்டியில் அதைவிட எனக்குப் பிடித்தது பின்சீட்டுக்கும் பெட்டுக்கும் நடுவில் குறுக்காகப் போகும் சுரங்கம். இந்தப் பக்கக் கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் தெரியும். பையனின் ஹாக்கி மட்டை, வியர்வையில் ஊறிய கவசங்கள், பனிச்சறுக்குப் பலகைகள் எல்லாம் அதற்குள் போய்விடும். வண்டிக்குள் நாற்றம் வராது. ஹாக்கி ஆடும் பிள்ளை இருக்கும் வீட்டில் இதன் அருமை புரியும்!

ஏர் சஸ்பென்ஷன் இருப்பதால் மாமியார் ஏறும்போது வண்டியைத் தாழ்த்திக் கொடுக்கிறேன். மூட்டு வலி உள்ளவர்களுக்கு பிக்கப் என்றாலே பயம். நாங்கள் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒரு பெரிய காரணம். பனியில் பெரிய மேடுகளைத் தாண்ட வேண்டுமென்றால் உயர்த்தியும் கொள்ளலாம்.

குளிரைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நேரடியாகச் சொல்கிறேன். ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஒரு சார்ஜில் போகும் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. குட்டிக் குட்டிப் பயணங்களில் இன்னும் மோசம், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வண்டியையும் பேட்டரியையும் முதலிலிருந்து சூடாக்க வேண்டும். எங்களுடையது முதல் தலைமுறை, ஹீட் பம்ப் (குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் அமைப்பு) கிடையாது. 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அது இருக்கிறது. குளிர் ஊரில் இருப்பவர்கள் பழைய வண்டி வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிளம்புவதற்கு அரை மணி முன்னால், ப்ளக்கில் இருக்கும்போதே சூடாக்கிவிட்டால் அந்தச் செலவு வீட்டுக் கரண்டில் போகும், பேட்டரியில் போகாது. வீட்டில் ப்ளக் இல்லாமல் மின்னசோட்டாவில் இந்த வண்டியை வைத்துக்கொள்வது கஷ்டம்.

குறைகள்? பெட் நாலரை அடிதான். எட்டடி ப்ளைவுட் ஏற்றினால் டெயில்கேட்டை (பெட்டின் பின்கதவு) திறந்து வைத்தும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஐஃபோனை வண்டித் திரையில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளே கிடையாது. வண்டியில் இருப்பது 120 வோல்ட் ப்ளக் மட்டும்தான், அண்ணா வண்டி அளவுக்கு மின்சாரம் வெளியே எடுக்க முடியாது. சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஃபோர்டுக்கு ஊருக்கு ஊர் டீலர் உண்டு, ரிவியனுக்கு அப்படி இல்லை.

ஆஸ்டின், சைபர்டிரக்

வண்டியின் தோற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று, நான் ஓட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புத் தண்டு கிடையாது, எல்லாம் மின்சார சமிக்ஞைதான். பின்சக்கரமும் திரும்பும். அதனால் இவ்வளவு பெரிய வண்டி, நெருக்கடியான பார்க்கிங்கில் சின்னக் கார் மாதிரி வளைகிறது. கையைக் கையால் தாண்டிச் சுற்ற வேண்டிய வேலையே இல்லை. பழகியபின் வேறு வண்டி ஓட்டினால் அது தாமதமாகத் திரும்புவது போலத் தோன்றும்.

பெட் ஆறடி. மேலே மோட்டாரில் ஓடும் மூடி, பூட்டும் உண்டு. பெட்டி படுக்கையோடு விமான நிலையம் போக இதைவிட வசதியான பிக்கப் எனக்குத் தெரியாது. ஆனால் மூடியைப் போட்டால் உள்கண்ணாடியில் பின்னால் எதுவும் தெரியாது, கேமராவை நம்ப வேண்டும். இண்டிகேட்டருக்குத் தண்டு இல்லை, ஸ்டியரிங்கில் பொத்தான். ரவுண்டானாவில் அது எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

பழைய வண்டி பார்ப்பவர்கள் விஐஎன் எண்ணை (வண்டியின் அடையாள எண்) அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் போட்டு, திரும்ப அழைப்பு வேலைகள் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைக் கூப்பிடுவது) முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஏப்ரலில் ஆக்சிலரேட்டர் பெடல் மேல்தகட்டுக்காகவும், 2025 மார்ச்சில் வெளிப்புறத் தகடு கழன்று விழலாம் என்பதற்காக 46,000-க்கும் மேற்பட்ட வண்டிகளுக்கும் அழைப்பு வந்தது.

டெட்ராய்ட் புறநகர், செவ்ரோலே சில்வராடோ ஈவி

வீடு புதுப்பிக்கும் தொழில் செய்கிறேன். ஆர்எஸ்டி மாடல், 440 மைல். ட்ரெய்லர் இழுத்தால் "பாதியாகிவிடும்" என்று ஹூஸ்டன் அண்ணா சொன்ன கணக்கில், பாதியான பிறகும் 200 மைலுக்கு மேல் மிஞ்சும் வண்டி இது. கருவிகள் ஏற்றிய ட்ரெய்லரோடு ஆன் ஆர்பர் போய், வேலை முடித்து, வழியில் சார்ஜ் தேடாமல் திரும்புகிறேன். பின்சீட்டுக்குப் பின்னாலுள்ள தடுப்பை மடித்தால் பத்தடிக்கு மேல் நீளமான சாமான் உள்ளே போகும். தொழிலுக்கு அது பெரிய விஷயம்.

விலை கொடுப்பது எடையில். 200 கிலோவாட்-மணிக்கு மேல் பேட்டரி, வண்டி 8,000 பவுண்டைத் தாண்டும். டயர் தேய்மானம் கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டில் 11.5 கிலோவாட் சார்ஜரில் காலி பேட்டரி நிறைய 20 மணி நேரம் ஆகும். ஆபீஸ் போய்வர மட்டும் என்றால் இவ்வளவு பேட்டரியைத் தினமும் சுமக்க வேண்டாம், மினியாபொலிஸ் அக்காவுடைய வண்டி போதும்.

மறுபடியும் ஹூஸ்டன்

இப்போது வாங்குபவர்களுக்கு நிலைமை மாறியிருக்கிறது. 7,500 டாலர் மத்திய அரசு வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், முழு மின்சார லைட்னிங்கை நிறுத்திவிட்டு, பெட்ரோல் ஜெனரேட்டர் கூட இருக்கும் வண்டியைக் கொண்டுவரப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. எனக்கு வருத்தம்தான். ஆனால் தூரம் இழுப்பவர்களுக்கு அந்த வழி பொருந்தும் என்றும் நினைக்கிறேன்.

என் ஆசை வேறு. நாம் பேசிய நாலுமே ராட்சச வண்டிகள். 2025 ஏப்ரலில் ஸ்லேட் என்ற புது நிறுவனம் இரண்டு பேர் உட்காரும் சின்ன மின்சார பிக்கப் ஒன்றைக் காட்டியது, அடிப்படை மாடலுக்கு 150 மைல் என்றார்கள். எங்கள் தெருவில் பிக்கப் வைத்திருக்கும் பாதிப் பேருக்கு, அவர்கள் உண்மையில் செய்யும் வேலைக்கு, அதுவே தாராளம். யாராவது அதை ஓட்டிப் பார்த்தால் கராஜில் எவ்வளவு இடம் மிஞ்சியது என்று மறக்காமல் எழுதுங்கள்.