2014 கேம்ரி ஹைபிரிட், 92,000 கி.மீ., ரூ. 9.25 லட்சம்: வாங்கலாமா?

உடுமலைக்காரன்:
வணக்கம். ஏழு வருடமாக ஸ்விஃப்ட் ஓட்டுகிறேன். அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு மாதம் இரண்டு தடவை கோவைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. பின்சீட்டில் அவர் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. சென்னையில் ஒரு டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) பார்த்தேன், ஒரே ஓனர். அப்பாவை உட்காரவைத்துப் பார்த்தோம், மனுஷன் இறங்கவே மாட்டேன் என்கிறார்! 2018 வரை கம்பெனி சர்வீஸ், அப்புறம் வெளியே. "பேட்டரி போனால் காயலான் கடைதான்" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன பார்க்க வேண்டும்?

ஸ்பேனர்_ஈரோடு:
தம்பி, பயப்படுகிறவர்கள் பாதிப்பேர் ஹைபிரிட்டின் பானட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இதில் ஸ்டார்ட்டர் மோட்டார் தனியாகக் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது. எஞ்சின் டைமிங்குக்குப் பெல்ட் இல்லை, செயின். கியர்பாக்ஸை சிவிடி (படிப்படியாக மாற்றும் கியர் இல்லாத வகை) என்று சொன்னாலும் மற்ற சிவிடி மாதிரி உள்ளே பெல்ட் இல்லை. பல்சக்கரமும் இரண்டு மின்மோட்டாரும்தான். தேய்கிற சாமான் குறைச்சல்.

பேட்டரி நிக்கல் வகை, 34 மாட்யூல் (சின்னச் சின்னப் பேட்டரித் துண்டுகள்), சுமார் 245 வோல்ட். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி கருவியைச் செருகினால் இரண்டிரண்டாகச் சேர்த்து 17 பிளாக்கின் வோல்டேஜையும் காட்டுகிற மொபைல் ஆப் இருக்கிறது. வண்டி நிற்கும்போது பார்த்துப் பிரயோஜனமில்லை. ஏசி போட்டு, ஒரு மேம்பாலத்தில் அழுத்தி ஏற்றுங்கள். பதினேழும் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து ஏறினால் நல்லது. ஒன்று மட்டும் தனியாகத் தொபக்கென்று விழுந்தால் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் மாற்றும் செலவை சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கி விலையில் கழியுங்கள். பேட்டரியைக் குளிரவைக்கும் ஃபேன் கேபின் காற்றைத்தான் இழுக்கிறது. பின்சீட்டில் நாய் வளர்த்த வண்டி என்றால் அது முடியால் அடைத்திருக்கும்.

இன்னொன்று. பிரேக் பேடு புதுசு மாதிரி இருக்கிறதே என்று 92,000 கி.மீ.யை நம்பிவிடாதீர்கள். ஹைபிரிட்டில் பாதி பிரேக்கை மோட்டாரே பிடித்துவிடும், பேடு தேயாது. ஸ்டீயரிங், பெடல் ரப்பர், ஓட்டுநர் சீட்டின் ஓரம் பாருங்கள்.

வண்டியைச் சும்மா நிறுத்திவைத்தாலும் இந்தப் பேட்டரிக்கு ஆகாது. மாதம் இரண்டு தடவை போதாது, வாராவாரம் ஓட்டணும்.

அடையாறு_வாசி:
ஸ்பேனர் அண்ணன் பேட்டரியைச் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைச் சொல்கிறேன். 2014 வண்டி, சென்னை வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது எங்கே நின்றது என்று கேட்டீர்களா? எங்கள் தெருவில் அன்றைக்கு முங்கிய கார்கள் பல கழுவித் துடைத்து வெளியூருக்குத்தான் போயின. ஹைபிரிட் பேட்டரி இருப்பதோ பின்சீட்டுக்குப் பின்னால்.

பின் சீட்பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவமாட்டார்கள். ஸ்டெப்னி எடுத்துவிட்டுக் குழியில் விரல் விட்டுப் பாருங்கள், சீட் போல்ட்டில் துரு பாருங்கள். 2015 டிசம்பர் முதல் மூன்று மாத சர்வீஸ் பதிவையும் இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். ஏசி போடாமல் ஜன்னலை மூடிப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் வாடையே சொல்லும். செண்ட் பாட்டில் தொங்கினால் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

மெக்_மணி:
இந்தக் காசுக்கு டீசல் ஆக்டேவியா வாங்கி ஜாலியா ஓட்டலாமே. (முதுகுவலிக்காரர் கேட்கமாட்டார், தெரியும்.)

உடுமலைக்காரன்:
போய்வந்தேன். முதலில் ஓபிடி. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏற்றினோம், பதினேழும் ஒட்டிக்கொண்டே வந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அட்வான்ஸ் பணம் பையில்தான் இருந்தது.

அப்புறம் இடதுபக்கப் பின்பெல்ட்டை இழுத்தேன். கடைசி ஒரு சாண் முழுக்கக் காபிப்பொடி நிறத்தில் கோடு. சீட்டைத் தூக்கினால் போல்ட்டில் துரு. "ஜன்னல் திறந்திருந்தப்ப மழை பெஞ்சிருக்கும்" என்றார் ஓனர். கிளைம் விவரம் கேட்டதற்கு பழைய பாலிசி தொலைந்துவிட்டதாம். அண்ணா, பேட்டரியை ஒருவேளை அப்போதே மாற்றியிருப்பார்களோ?

ஸ்பேனர்_ஈரோடு:
மாற்றியிருக்கலாம். ஆனால் தரைக்கடியில் ஓடுகிற ஒயரிங்கை எவனும் மாற்றியிருக்க மாட்டான். இன்றைக்கு ஓடும், ஒரு மழைக்காலத்தில் பல்லடம் ரோட்டில் நிற்கும். வேண்டாம் தம்பி.

உடுமலைக்காரன்:
சரி, விட்டாச்சு. பெங்களூரில் ஒன்று 2016 மாடல் இருக்கிறதாம். கர்நாடகா நம்பர், என்ஓசி (ஆட்சேபனையில்லாச் சான்று) வாங்கி இங்கே வரி கட்டினால் கணக்கு எங்கே போய் நிற்குமோ! அப்பா தினமும் "அந்த வண்டி என்னாச்சு" என்கிறார்.