ஏற்காட்டு ஆர்க்கிட் காய் ஒன்று: சென்னை ஆய்வகத்தில் வளர்த்து மலைக்கே திருப்பித் தர இயலுமா?

தாம்பரத்துத் தாவரவியல்:

வணக்கம். தாம்பரம் அருகே ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். எங்கள் துறையில் சிறிய திசு வளர்ப்பு அறை ஒன்று உண்டு. இதுவரை அதில் வாழையைத் தவிர வேறெதையும் வளர்த்ததில்லை. சென்ற மாதம் ஏற்காட்டில் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்தில் பழைய பலா மரமொன்று காற்றில் சாய்ந்தது. அதன் கிளையில் பற்றியிருந்த ஆர்க்கிட்டை அவர் பக்கத்து மரத்தில் கட்டிவைத்திருக்கிறார். செடியில் ஒரே ஒரு பச்சைக் காய் இருக்கிறது. இலையமைப்பைக் கொண்டு வண்டா பேரினம் என்று கருதுகிறேன், பூவைப் பார்க்கவில்லை. அந்தக் காயின் விதைகளைக் குடுவையில் முளைக்கவைத்து, நாற்றுகளை அந்த மலைச்சரிவிலேயே மீண்டும் நட விரும்புகிறேன். எந்த வளர்ப்பு ஊடகம் ஏற்றது, காயை எப்போது பறிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குடுவைக்காரர்:

ஐயா, முளைக்கவைப்பது நீங்கள் அஞ்சும் அளவுக்குக் கடினமன்று. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. அதில் கருவுக்கான சேமிப்பு உணவாகிய கருவூண் இல்லாததால், இயற்கையில் ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து உணவூட்டினால்தான் அது முளைக்கும். பூஞ்சையே இல்லாமல், சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகார் என்னும் கடற்பாசிக் கூழில் முளைக்கவைக்கலாம் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922ஆம் ஆண்டில் காட்டியதிலிருந்துதான் இன்றைய குடுவை முறை வளர்ந்தது.

வாழைக்கு நீங்கள் பயன்படுத்தும் முராசிகே-ஸ்கூக் ஊடகத்தின் உப்புகளைப் பாதியாகக் குறைத்து, லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரையும் 7 அல்லது 8 கிராம் அகாரும் சேர்த்து, கார அமிலநிலையை 5.6 அளவில் வைத்தால் போதும். வெடிக்காத பச்சைக் காயாக இருந்தால் வேலை இன்னும் எளிது: வெளிப்புறத்தை மட்டும் பிளீச்சிங் கரைசலில் கழுவி, சாராயத்தில் முக்கிச் சுடரில் ஒருமுறை காட்டிவிட்டு, வடிகட்டிய தூய காற்று வீசும் லாமினார் மேடையில் பிளந்து விதைகளைத் தூவலாம், ஏனெனில் மூடிய காயின் உட்புறம் இயல்பாகவே தூய்மையாக இருக்கும். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ விதைகள் உப்பிப் பச்சை உருண்டைகளாக மாறும். இவற்றையே புரோட்டோகார்ம் என்கிறோம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வாழைக்குச் சேர்க்கும் சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கியை இதில் சேர்க்க வேண்டாம். அது ஒரே புரோட்டோகார்மைப் பல பிரதிகளாகப் பெருக்கிவிடும். எண்ணிக்கை கூடுமே தவிர, மரபு வகைமை கூடாது.

குடுவைக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு போதாது, இலைத்துளைகளும் சரிவர மூடுவதில்லை. அந்த நாற்றைச் சென்னையின் கத்திரி வெயிலில் வெளியே எடுத்தால் ஒரே நாளில் வதங்கிவிடும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்து மலைச்செடிக்கு நம் ஊர் இரவுப் புழுக்கமும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே குடுவைகளை மூடியபடியே ஏற்காட்டுக்குக் கொண்டுசென்று, கரித்துண்டும் பாசியும் இட்ட தட்டுகளில், நிழல்வலைக்குக் கீழே அங்கேயே பக்குவப்படுத்துவது நல்லது.

சட்டம் அறிந்தவன்:

தனியார் தோட்டத்தில் விழுந்த மரத்துச் செடியைக் காப்பாற்றியது நல்ல செயலே. ஆனால் நீல வண்டா, சிவப்பு வண்டா, லேடீஸ் ஸ்லிப்பர் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவரப் பட்டியலில் உள்ளவை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தப் பட்டியல் மூன்றாம் அட்டவணையாக இருக்கிறது. நாற்றுகளைக் காப்புக்காட்டில் நடுவதென்றால் வனத்துறையின் அனுமதி கட்டாயம். அதற்கும் முன்னர் செடியின் பெயர் உறுதியாக வேண்டும். ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் காப்பகம் இருக்கும்போது, பூக்கும் வரை பொறுத்து அங்கே காட்டுவதில் என்ன இழப்பு?

மலைப்பாசி:

குடுவைக்காரர் சொன்ன செய்முறையில் எனக்கு மாறுபாடு இல்லை. பச்சைக் காயைப் பறிப்பதில்தான் மாறுபாடு. ஆர்க்கிட்டின் மகரந்தம் தூளாகப் பறப்பதில்லை. திரளாக ஒட்டிக்கொண்டு ஒரு பூச்சியின் உடலில் ஏறிச் செல்கிறது. அதனால் ஒரு காயில் உள்ள ஆயிரக்கணக்கான விதைகளுக்குப் பெரும்பாலும் ஒரே தந்தை, ஒரே தாய். எத்தனை குடுவைகளை நிரப்பினாலும் அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். அந்த உடன்பிறப்புகளால் ஒரு சரிவையே நிரப்பினால், அடுத்த தலைமுறையில் அவை தங்களுக்குள்ளேயே சேர்ந்து வலுவிழக்கும். பாதுகாப்பு நோக்கம் என்றால், அதே வட்டாரத்தின் வேறு சில செடிகளிலிருந்தும் காய்கள் வேண்டும்.

மேலும், பச்சைக் காயின் விதையைச் சேமித்து வைக்க இயலாது. காய் முற்றி மஞ்சளாகும் வரை விட்டு, மெல்லிய துணிப்பையைக் கட்டி விதையைப் பிடித்து, சிலிக்கா ஜெல்லுடன் உலர்த்தி 4 டிகிரி செல்சியசில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் முளைப்புத்திறன் நிற்கும். பெயர் தெரிந்தபின் விதைக்கலாம்.

கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரப் பூங்கா ஆய்வகத்தினர் வண்டா ஸ்பாதுலேட்டாவைக் குடுவையில் பெருக்கிக் காட்டில் நட்டார்கள். ஆகவே இது நடக்காத காரியம் அன்று. ஆனால் சர்க்கரையில் வளர்ந்த நாற்றின் வேரில் பூஞ்சை இருக்காது. அதே இனத்தின் வளர்ந்த செடி நிற்கும் மரத்திலோ அதற்கு அருகிலோ, பாசி படர்ந்த பட்டையில், மழைக்காலத் தொடக்கத்தில் கட்டுங்கள். வேருக்குத் தேவையான பூஞ்சை அங்கிருந்தே வந்துசேர வாய்ப்பு மிகுதி.

தாம்பரத்துத் தாவரவியல்:

மூவருக்கும் நன்றி. வாழையில் பழகிய கை எண்ணிக்கையையே பார்த்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காயைப் பறிக்க வேண்டாம், துணிப்பை கட்டுங்கள் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். விதையில் ஒரு பங்கை அந்தத் தோட்டத்து மரங்களிலேயே தூவிவிட்டு, மீதியை உலர்த்தி வைக்கப்போகிறேன். பக்கத்துத் தோட்டங்களில் இதே செடி இருக்கிறதா என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். பூத்ததும் படத்தை இங்கே இடுகிறேன்.