அடுக்குமாடிப் பெண்கள் குடியிருப்பாளர் கூட்டத்துக்கு வருகிறார்கள், வாய் திறப்பதில்லை: உங்கள் அனுபவம்?

ஜெலுத்தோங் அக்கா:
வந்தவர்கள் பேசவில்லை என்றால் முதலில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். மாமியாரும் மருமகளும், கணவனும் மனைவியும் ஒரே வட்டத்தில் இருந்தால் பேச்சு எழாது. பெண்களுக்குத் தனிக் குழு, எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். தமிழ் பேசுகிறவர்களுக்குத் தமிழிலேயே நடத்துங்கள். குறிப்பெடுப்பவரும் பெண்ணாக இருக்கட்டும்.

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கும் பெண்கள் இருக்கும் புளோக்கில் ஒரே கூட்டத்தை இரண்டு வேளையில் வைக்கவேண்டும். மண்டபத்திலேயே பிள்ளைகளுக்குப் பாய் விரித்து, பார்த்துக்கொள்ள இரண்டு பேரை உட்கார வையுங்கள். வாட்ஸ்ஆப் தகவல் போதாது. மாடிக்கு ஒரு பெண் கதவைத் தட்டவேண்டும்.

பட்டர்வொர்த் தம்பி:
அக்கா சொன்ன தனிக் குழு முறைக்கு இங்கேயே முன்னுதாரணம் உண்டு. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் (மாநில அரசின் அமைப்பு) 2012-இல் இரு நகராண்மைக் கழகங்களுடன் சேர்ந்து ஜாலான் சுங்கை, அம்பாங்கான் மக்கள் வீடமைப்புப் பகுதிகளில் பாலினம் சார்ந்த பங்கேற்பு வரவுசெலவை முன்னோட்டமாக நடத்தியது. அதாவது ஆண், பெண் தேவைகளைத் தனித்தனியே கேட்டு, பணத்தை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்பவர்களே முடிவு செய்யும் முறை. வீடு வீடாகக் கணக்கெடுப்பு, சிறு குழுக் கலந்துரையாடல், வாக்களிப்பு, பிறகு செயல்படுத்தல். இந்த வரிசையை எந்த அரசு சாரா இயக்கமும் எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் வாக்களிப்பில்தான். வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்தால் குடும்பத் தலைவர் நிரப்பிவிடுவார். ஆளுக்கொரு சீட்டு, மூடிய பெட்டி. எழுதத் தெரியாத பாட்டிக்காகத் தெரிவுகளைப் படமாகவே ஒட்டுங்கள்: படிக்கட்டு விளக்கு, லிஃப்ட், சாக்கடை, விளையாட்டுத் திடல். ஆளுக்கு ஐந்து விளையாட்டுப் பண நோட்டு கொடுத்து, படங்களுக்கிடையே பிரித்துப் போடச் சொன்னால் எது எவ்வளவு அவசரம் என்பதும் தெரியும். ஆண், பெண் சீட்டுகளுக்கு வேறு நிறம் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் யார் எதைக் கேட்டார் என்று பிறகு பிரிக்கவே முடியாது.

முடிவை லிஃப்ட் வாசலில் தேதி போட்டு ஒட்டவேண்டும். பணம் வரத் தாமதமானால் அதையும் ஒட்டுங்கள். பதில் இல்லாமல் மாதங்கள் ஓடினால் அடுத்த கூட்டத்துக்கு நாற்காலிதான் மிஞ்சும்.

செந்தூல் அக்கா:
தம்பி, அந்த நிற யோசனை மிக நல்லது. ஒன்று சேர்க்கிறேன். பல சங்கங்களில் பெண்களுக்குக் கிடைப்பது தேநீரும் கோலமும்தான், கணக்குப் புத்தகம் கிடைப்பதில்லை. அது எனக்கு வேதனை. மலேசியாவின் 1966 சங்கங்கள் சட்டத்தின்கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் போதும். அப்படிப் பதியும்போது பொருளாளர் பதவியையும் வங்கிக் கணக்கின் இரண்டு கையொப்பங்களில் ஒன்றையும் தொடக்கத்திலேயே பெண்களிடம் கொடுங்கள். முதல் ஆறு மாதம் கணக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ரசீது ஒட்டவும் மாத இருப்பைச் சரிபார்க்கவும் சொல்லித்தரட்டும். ஆனால் பேனா அவர்கள் கையில்தான் இருக்கவேண்டும்.

கடன் குழு தொடங்குகிறவர்களுக்கு: 1987-இல் தொடங்கிய அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பு ஐந்து பெண்கள் சேர்ந்த குழு முறையில் கடன் தருகிறது, அடமானம் கேட்பதில்லை. ஒருவர் தவணை தவறினால் மற்ற நால்வருக்கும் நெருக்கடி. எனவே அக்காள் தங்கையை ஒரே ஐவரில் சேர்க்காதீர்கள். ஒரே வீட்டு வருமானம் நின்றால் இரண்டு தவணை ஒன்றாக நிற்கும்.