பெர்லுஸ்கோனியின் வாழ்க்கை எங்கள் வாழ்க்கையில் குறுக்கிட்டபோது

மிலானோவிலிருந்து:

2001 தேர்தலுக்கு முன்னர் இத்தாலியக் குடும்பங்களின் தபால்பெட்டிகளுக்கு இலட்சக்கணக்கில் வந்த அந்தப் படப்புத்தகத்தை, இங்கு நீண்டகாலம் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இத்தாலியின் பிரதமராகப் பலமுறை இருந்த சில்வியோ பெர்லுஸ்கோனியின் வாழ்க்கைக் கதையை வாக்காளர்களுக்கு அவரது தரப்பே அச்சிட்டு அனுப்பியிருந்தது. நான் அப்போது விசா இல்லாமல், ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் வேலையில் அவருடைய வீட்டிலேயே தங்கியிருந்தேன். சின்யோரா (அந்த மூதாட்டியை நான் அப்படித்தான் அழைப்பேன்) எனக்கு இத்தாலிய மொழியைக் கற்பித்தது அந்தப் புத்தகத்தை வைத்துத்தான். இரவு உணவுக்குப் பின்னர் ஒரு பக்கத்தை உரத்து வாசிக்கச் சொல்வார். எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டுமோ அதன்மேல் பென்சிலால் ஒரு சிறு கோடு இழுப்பார். வங்கி ஊழியரின் மகன் வீடுகள் கட்டினார், தொலைக்காட்சி நிலையங்களை வாங்கினார், ஏ.சி. மிலான் அணியை வாங்கினார், கட்சி தொடங்கினார் என்று, இறந்தகால வினைச்சொற்கள் எல்லாவற்றையும் நான் அந்த மனிதரின் வாழ்க்கையிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு ஜூலையில் அவருடைய அரசாங்கம் 189ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் சொஜோர்னோ என்ற வதிவிட அனுமதி கிடைக்கும், கைரேகை பதிய வேண்டும், வேலை போனால் ஆறு மாதத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தன. வீட்டுவேலை செய்பவர்களையும் முதியோரைப் பராமரிப்பவர்களையும் முதலாளிமார் பதிவுசெய்து சட்டபூர்வமாக்கலாம் என்ற பிரிவும் அதே சட்டத்தில்தான் இருந்தது. சின்யோரா நடுங்கும் கையால் படிவத்தில் ஒப்பமிட்டார். பேனையை மூடிவிட்டு, "இது சில்வியோ உனக்குத் தந்தது" என்றார். நான் நன்றி சொன்னேன். அந்த நன்றியை யாருக்குச் சொன்னேன் என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஒன்றரை ஆண்டில் சின்யோரா காலமானார். சவப்பெட்டியின் அருகே நின்று உண்மையாகவே அழுதுகொண்டிருந்த நான், அதே நேரத்தில் ஆறு மாதம் எந்தத் தேதியில் முடியும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

பலெர்மோவிலிருந்து:

மிலானோ அக்கா, உங்கள் துயரம் புரிகிறது, ஆனால் "தந்தது" என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சட்டம் அவருடைய கூட்டாளிகளான போஸ்ஸி, ஃபினி இருவரின் பெயரால் வழங்குவது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்ததைப் பார்த்தாலே, நாம் இல்லாமல் எத்தனை வீடுகளும் பட்டறைகளும் இயங்க முடியாமல் இருந்தன என்பது தெரியும். தேவை அவர்களுடையது, நன்றி மட்டும் நம்முடையதா?

2011 நவம்பர் 12, சனிக்கிழமை இரவு, நான் ரோமில் ஓர் உணவகத்தில் வேலை முடித்துக் குவிரினாலே என்ற ஜனாதிபதி மாளிகைப் பக்கமாக நடந்து வந்தேன். பெர்லுஸ்கோனி பதவி விலகல் கடிதம் கொடுக்க வந்திருந்தார். சதுக்கத்தில் வாத்தியங்களோடு அல்லேலூயா பாடிக்கொண்டிருந்தார்கள். முன்பின் அறியாத ஒரு பெண்மணி என்னைக் கட்டியணைத்து, "உங்களுக்கும் மகிழ்ச்சிதானே?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரம் இத்தாலிய அரசின் பத்தாண்டுக் கடன்பத்திர வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. எங்கள் உணவகத்தில் மூவரின் வேலை நேரத்தைக் குறைத்திருந்தார்கள், அவர்களில் நானும் ஒருவன். நீதிபதிகளால் அசைக்க முடியாத ஒருவரை வட்டி வீதம் இறக்கிவிட்டது, அது எங்களையும் சேர்த்தே இறக்கியது என்று அந்தப் பெண்மணியிடம் எப்படிச் சொல்வேன்?

பொலோஞாவிலிருந்து:

என் அனுபவம் சிறியது. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த இத்தாலியர் ஒருவர், ஒவ்வொரு தேர்தலிலும், "அவர் ஏற்கெனவே பணக்காரர், எதற்குத் திருடப் போகிறார்?" என்பார். ஓய்வுபெறும் நாளிலும் என் தோளில் கைவைத்து அதையேதான் சொன்னார்.

அக்காவுக்கு ஒரு யோசனை. அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதானால், அதில் இல்லாதவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1984இல் அவருடைய தொலைக்காட்சிகளின் நாடு தழுவிய ஒளிபரப்பை நீதிபதிகள் நிறுத்தியபோது, அன்றைய பிரதமர் க்ராக்ஸி அவசர ஆணை பிறப்பித்துத்தான் திரை மீண்டும் ஒளிர்ந்தது. பொய்க் கணக்கு எழுதும் குற்றத்துக்கான சட்டம் 2002இல், அவர் பிரதமராக இருந்த காலத்தில் தளர்த்தப்பட்டது. வழக்குகளைப் பற்றிச் சொல்லும்போது கவனம் தேவை: சிலவற்றில் விடுதலை, சிலவற்றில் காலம் கடந்ததால் முடிவு, இவற்றை ஒன்றாகக் கலந்து பேசுவது அவருடைய ஆதரவாளர்களுக்கும் வசதி, எதிரிகளுக்கும் வசதி. இறுதியாக நிலைத்த தண்டனை, 2013 ஆகஸ்ட் 1 அன்று உயர்நிலை மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்த வரி மோசடித் தண்டனை. நான்கு ஆண்டுகளில் மூன்று பழைய மன்னிப்புச் சட்டத்தால் கழிந்தன. எஞ்சியதற்குச் சிறைக்குப் பதிலாக, செசானோ பொஸ்கோனேயில் முதியோருக்கான நிலையமொன்றில் வாரம் ஒருமுறை சேவை செய்தார். செனட்டிலிருந்து நீக்கப்பட்டவர் 2022இல் மக்களின் வாக்காலேயே அங்கு திரும்பினார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குடியுரிமை பெற்று வாக்களிக்கப் போகும் நம் பிள்ளைகள், வேட்பாளரின் முதல் பணம் எங்கிருந்து வந்தது, அவருடைய செய்தியை ஒளிபரப்பும் நிலையம் யாருடையது என்ற இரண்டையும் கேட்டுப் பழக வேண்டும்.

மீண்டும் மிலானோவிலிருந்து:

பலெர்மோத் தம்பி சொன்னது சரி. பொலோஞாத் தம்பி சொன்ன அந்தச் சேவையை நினைக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. தண்டனையாக அவருக்கு வாரத்தில் நான்கு மணி நேரம் கொடுக்கப்பட்டது, நான் ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் செய்துவரும் வேலை.

2023 ஜூன் 14 அன்று, அரசு மரியாதையோடு அவருடைய இறுதிச் சடங்கு நடந்தபோது, பராமரிக்கும் ஐயாவின் மகளிடம் விடுப்புக் கேட்டு தூவோமோ பேராலயச் சதுக்கத்துக்குப் போனேன். உதைபந்தாட்ட ரசிகர்கள் கொடிகளோடு கோஷமிட்டார்கள். பேராயரின் உரை பெருந்திரைகளில் ஒலித்தது. வாழ ஆசைப்பட்ட ஒரு மனிதர் என்றே பேராயர் மறைந்தவரைப் பற்றிப் பேசினார். நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வெயிலில் விரித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் தாள் மஞ்சளாகியிருந்தது. சின்யோரா இழுத்த பென்சில் கோடுகள் மட்டும் அழியவில்லை; ஒரு பக்கத்தை அந்தக் கோடுகளின்படியே, அவர் திருத்தியது போலவே, மெதுவாக வாய்விட்டு வாசித்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் நான் பெர்லுஸ்கோனிக்காகச் செபிக்கிறேன் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.