வில்லுப்பாட்டும் நீர்மோரும்: இதை ஊழியம் என்று சொல்லலாமா?

பனையோலை:
திருச்செந்தூர் பக்கத்துக் கிராமம். எங்கள் சபையில் நாற்பது குடும்பம்தான். வாலிபர் கூட்டத்துக்கு ஒழுங்காக வருவது ஏழு பேர். வருடாவருடம் மே மாதம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகக் கைப்பிரதி கொடுப்போம். மறுநாள் காலையில் டீக்கடையில் அதில்தான் வடை மடித்துத் தருவார்கள். இந்த வருடம் அதை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப் வேப்பமரத்தடியில் 12 நாள் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். கடைசி நாள் ராத்திரி அதே இடத்தில், வீட்டை விட்டுப் போன மகன் அப்பாவிடம் திரும்பி வருகிற பைபிள் கதையான கெட்ட குமாரன் கதையை வில்லுப்பாட்டாக வைத்தோம். பாடியவர் ஊர்த் தெய்வங்களின் கொடை விழாக்களில் சுடலைமாடன் கதை பாடுகிற புலவர். அவரோடு மூன்று ராத்திரி உட்கார்ந்து கதையைச் சொல்லிக் கொடுத்தோம். கைப்பிரதி கிடையாது, ஜெப அழைப்பு கிடையாது, பந்தலில் சபையின் பெயர்கூடக் கிடையாது. இப்போது சேகரக் கமிட்டியில் (பக்கத்துச் சபைகளைச் சேர்த்து நிர்வகிக்கிற குழு) கேட்கிறார்கள்: "12,400 ரூபாய் செலவு பண்ணியிருக்கீங்களே, எத்தனை ஆத்துமா வந்தது?" நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மணியடிப்பவர்:
தம்பி, கமிட்டி கேட்டதில் தப்பே இல்லை. அது காணிக்கைப் பணம். வாயைத் திறக்காமல் மோர் ஊற்றினால் கட்சிக்காரன் பந்தலுக்கும் உன் பந்தலுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது தலைவர் படம் வைக்கிறான். வேதத்தில் ஒரு கலசம் தண்ணீர் கொடுப்பதைப் பற்றிச் சொல்லியிருக்கிறது, சரி. ஆனால் அங்கேயும் சீஷன் என்னும் நாமத்தினிமித்தம் என்றுதான் இருக்கிறது. நாமத்தை எடுத்துவிட்டு மோரை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். அப்புறம் ஒரு கேள்வி. வில்லுப்பாட்டு என்றால் முதலில் காப்பு, அதாவது சாமி வாழ்த்து, பாடுவார்கள். புலவர் யாருக்குக் காப்புப் பாடினார்?

பனையோலை:
அண்ணாச்சி, அதே கேள்வியை நாங்களும் பயந்து பயந்துதான் கேட்டோம். "கதை உங்க சாமி கதை, காப்பும் உங்க சாமிக்கே பாடிருதேன். வில்லைத் தொட்டுக் கும்பிடுறது மட்டும் என் தொழில் மரியாதை, அதுல கை வைக்காதீங்க" என்றார். அப்படியே வில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீசுகோலை எடுத்து, தந்தனத்தோம் என்று ஆரம்பித்தார். எங்களில் ஒருவன் முகம் சுளித்தான். மற்ற ஆறு பேரும் பேசாமல் இருந்தோம்.

மகன் பன்றிக்கு வைத்த தவிட்டுக்கு ஏங்குகிற இடத்தில் பக்கப்பாட்டுக்காரர் "ஆமா, பருத்திக்கொட்டை கூடவா கிடைக்கல?" என்று எடுத்துக்கொடுக்க, கூட்டம் சிரித்தது. அப்பா ஓடி வருகிற இடத்தில் புலவர் பாட்டையே நிறுத்திவிட்டார். உடுக்கை இல்லை, தாளம் இல்லை. குடம் மட்டும் கும், கும், கும் என்று, கிழவர் மூச்சு வாங்க ஓடுகிற மாதிரி. முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் மகன் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூர் போய் ஆறு வருடம். அவர் சபைக்கு வரவில்லை, வரவும் மாட்டார். இதைக் கமிட்டி நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கொடைக்காரன்:
நான் இந்து. எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாகக் கொடைக்கு வரி கொடுக்கிறோம். மோர் ஊற்றியதற்கு நன்றி, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பெயர் போடவில்லை என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, எனக்கு உறுத்துவதே அதுதான். கைப்பிரதி கொடுப்பவன் நேர்மையானவன். கையில் என்ன வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். முகவரி இல்லாமல் வருகிற மோரை எப்படி வேண்டாம் என்பது?

பழைய கதை தெரியாதவர்கள் இல்லை நாங்கள். 1877 பஞ்சத்தில் மிஷன்காரர்கள் நிவாரணம் கொடுத்தார்கள், அந்தச் சமயத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சபையில் சேர்ந்தார்கள். கொடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கஞ்சிக்கும் ஞானஸ்நானத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஊர் கேட்கத்தான் செய்யும். 2002-ல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-ல் அதை எடுத்துவிட்டார்கள். சட்டம் போய்விட்டது, சந்தேகம் அப்படியே இருக்கிறது. இப்போது வில்லையும் எடுத்துக்கொண்டீர்கள்.

மூன்றாம் பெஞ்சு:
எடுத்துக்கொள்வது ஒன்றும் புதிது இல்லை அண்ணே. குறத்தி குறி சொல்கிற குறவஞ்சி நாடகம் என்றால் உங்களுக்குக் குற்றாலநாதர் நினைவுக்கு வருவார். அதே வடிவத்தில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடினார். சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர். கதாகாலட்சேபம் செய்து ஊர் ஊராகச் சுற்றினார். எங்கள் வீட்டில் பாட்டி இன்றைக்கும் அவர் கீர்த்தனைகளைத்தான் பாடுகிறார்.

உங்கள் பக்கமிருந்தும் எங்களிடம் எடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை பார்த்த ஆறுமுக நாவலர், மிஷன்காரர்களின் பிரசங்க முறையைக் கோயிலுக்குள் கொண்டுபோய், 1847 கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். எதற்கு? மிஷன்காரர்களுக்குப் பதில் சொல்ல! ஆக, கலையோ மேடையோ யார் வீட்டுச் சொத்து என்று பட்டா தேட வேண்டாம்.

ஆனால் சாஸ்திரியாரை முழுசாகத் தூக்கி வைக்கவும் எனக்கு மனசில்லை. சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று பிந்தி வந்த மிஷனரிகள் சொன்னபோது எதிர்த்து எழுதியவரும் அவர்தான். அதனால் பனையோலை, எனக்கு வில்லைப் பற்றிக் கேள்வி இல்லை. உங்கள் பந்தலில் யார் ஊற்றினார்கள், யார் குடித்தார்கள்?

பனையோலை:
எல்லாரும்தான் குடித்தார்கள்.

சேலைத்தலைப்பு:
தம்பி, நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். நானும் அதே சபைதான்.

முதலில் கணக்கு. ஏழு பேர் என்கிறாய். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, இஞ்சி தட்டி, கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கிள்ளிப்போட்டு, தினமும் இரண்டு பெரிய பானை மோர் கலக்கியது பெண்கள் ஐக்கியத்தில் ஆறு பேர். நாங்கள் அந்த ஏழில் இல்லை. 12,400 ரூபாயிலும் இல்லை, பாதித் தயிர் எங்கள் வீட்டுத் தயிர்.

இனி டம்ளர் விஷயம். முதல் இரண்டு நாள் எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தோம். ஊற்றியதில் நானும் ஒருத்தி, என் வீடு கீழத்தெரு. இரண்டாம் நாள் மத்தியானம் மேலத்தெருவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பானையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், "பேப்பர் கப் இல்லையா?" என்று கேட்டார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் வந்தால் மேசையில் பேப்பர் கப் கட்டு இருக்கிறது. "சுத்தம், கழுவுகிற வேலை மிச்சம்" என்றான் நம் பையன் ஒருவன். என்னை மோர் கலக்கப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். பத்து நாள் பின்னாலேயே இருந்தேன். மகனைக் கட்டிப்பிடித்த அப்பா கதைக்கு நானும்தான் அழுதேன். அழுதுகொண்டே அந்தக் கப்புகளைப் பொறுக்கினேன்.

மணியடிப்பவர்:
அந்த மேலத்தெருக்காரர்கள் நம் சபையாரா, வெளி ஆட்களா?

சேலைத்தலைப்பு:
ஒருவர் வெளி ஆள். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை உங்களோடு திருவிருந்து எடுக்கிறவர் அண்ணாச்சி.

பனையோலை:
அக்கா சொல்வது உண்மை. கப் வாங்கியது நான்தான். ஊரில் சச்சரவு வேண்டாம், வில்லுப்பாட்டு நல்லபடியாக நடக்கட்டும் என்று நினைத்தேன். முதல் பதிவில் இதை எழுதி எழுதி அழித்தேன். புலவர் வில்லைக் கும்பிட்டதைப் பற்றி மூன்று கூட்டம் பேசினோம், டம்ளரைப் பற்றி ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை.

கொடைக்காரன்:
உங்களைக் குத்த எனக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் குத்த முடியவில்லை. எங்கள் கொடைக்கு யாரிடம் வரி வாங்குவார்கள், யாரிடம் வாங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வரி வாங்கவில்லை என்றால் கொடையில் முறையும், அதாவது உரிமையும் மரியாதையும், கிடையாது, அவ்வளவுதான். பெயர் போடாததைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. அடுத்த முறை பெயர் போடுங்கள். இன்ன சபை, இன்னார் ஊற்றுகிறார் என்று தெரிந்துதான் குடிக்க வேண்டும். வேண்டாதவன் தாகத்தோடு போகட்டும்.

மணியடிப்பவர்:
பெயர் போடச் சொல்லித்தான் நானும் ஆரம்பித்தேன். இவர் வேறு காரணத்துக்குச் சொல்கிறார். சரி, இருக்கட்டும். கைப்பிரதி இல்லாமல் ஊழியம் இல்லை என்கிற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அடுத்த கமிட்டியில் ஆத்துமா கணக்குக்கு முன்னால் கப் கணக்கைக் கேட்பேன். கேட்டால் இரண்டு பேர் எழுந்து போவார்கள், அவர்கள் யார் என்றும் தெரியும்.

மூன்றாம் பெஞ்சு:
சபையின் அசன விருந்துக்கு ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று நாம் மார்தட்டுகிறோமே, அந்தப் பந்தியிலும் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று இந்த வருடம் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

பனையோலை:
அடுத்த மே மாதம் எவர்சில்வர் டம்ளர்தான். அக்கா முன்னால் நின்று ஊற்றுவார்கள். பானைக்கு மேலே சபையின் பெயர் இருக்கும். ஆனால் எங்களிடம் இருப்பதே இருபது டம்ளர், பஸ் வந்தால் ஒரே நேரத்தில் ஐம்பது பேர் இறங்குவார்கள்.

கொடைக்காரன்:
எங்கள் கோயில் வாடகைப் பாத்திரத்தில் அறுபது டம்ளர் இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன். எதற்கு என்று சொல்லித்தான் கேட்பேன், அதனால் தருவார்களா என்று தெரியாது.

சேலைத்தலைப்பு:
கேளுங்கள். கிடைத்தால், எண்பது டம்ளரையும் கழுவப் போவது யார் என்று இப்போதே பேசிவிடலாம். நான் ஊற்றுகிறேன், கழுவ மாட்டேன்.