வைரத் தட்டுக்கு மறுபூச்சு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கல்கிறுக்கன், பிரிக்ஃபீல்ட்ஸ்
நீலக்கல் ஒன்றுக்குப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தேன். எல்லாப் பட்டையும் முடிந்து மேல்முகப்பு, அதாவது உச்சியில் இருக்கும் தட்டையான பட்டை, மட்டும்தான் பாக்கி. கல்லைத் தேய்க்கும் சுழல் செப்புத் தட்டுக்குத் தெரிந்த பட்டறையில் 8000 எண் வைரப்பொடி புதிதாக ஏற்றி வாங்கியிருந்தேன். கல்லை வைத்ததும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் தெரிந்தவர்களுக்கு வயிறு கலங்கும். லூப்பில் (கைப் பூதக்கண்ணாடி) பார்த்தால் முகப்பின் குறுக்கே தண்டவாளம் மாதிரி ஒட்டி ஒட்டி வளைந்த கீறல்கள். 8000 என்றால் 3 மைக்ரான் பொடி, அது இப்படிக் கீறாது. அதைவிடப் பெரிய 1200 தட்டின் துகள் ஒன்றிரண்டு உள்ளே புகுந்திருக்க வேண்டும். போய்க் கேட்டால், "எங்க கையிலிருந்து வந்திருக்காதுண்ணே" என்கிறார். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

பாயா தெருபோங் வாசி, பினாங்கு
உங்களுடையதில் கீறவாவது செய்தது! என் 600 நிக்கல் தட்டு (வைரத்தை நிக்கல் முலாமில் பதித்தது) கல்லை வெட்டாமல் வழுக்க ஆரம்பித்ததும், மோட்டார் சைக்கிள் சாமான்களுக்கு முலாம் போடும் ஒரு கடையில் கொடுத்தேன். "எல்லாத்துக்கும் போடுவோம்" என்றார்கள். திரும்பி வந்த தட்டைப் பார்த்து மீசை வாரலாம். பளபளவென்று குரோமியம். விரலால் தடவினேன், சொரசொரப்பே இல்லை. மிச்சமிருந்த வைரமும் உள்ளே சமாதி. காசையும் முழுசாக வாங்கிக்கொண்டார்கள்.

செந்தூல் சாணை
பினாங்கு அண்ணே, கடைக்காரரைச் சொல்லி என்ன பயன்? நிக்கல் தட்டில் வைரம் ஒரே ஒரு அடுக்குதான். துகளின் பாதி உயரத்துக்குச் சற்று மேல் வரை நிக்கல் பிடித்துக்கொள்ளும், மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மறுபூச்சு என்றால் பழைய நிக்கலைக் கரைத்து எடுத்துவிட்டு, புது வைரத்தைப் பரப்பி, மின்முலாம் ஏற்ற வேண்டும். தொழிற்சாலை வேலை அது. என்னிடமும் ஒரு தட்டு வழுக்கியது, துகள்களுக்கு நடுவே கல்தூள் அடைப்புதான். அலுமினியம் ஆக்சைடு கட்டியை ஈரத்தோடு லேசாகக் காட்டினேன், வெட்டியது. வைரத்தைப் பிசினில் கலந்து பூசிய ரெசின் சக்கரமும் அப்படித்தான், அதில் வைரம் பூச்சின் கனம் முழுக்க இருக்கும், மேல்தோலைச் சீவினால் புதுசு.

செப்புத் தட்டை மட்டும் வீட்டிலேயே செய்யலாம். எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். ஒரு சொட்டு எண்ணெய், ஒரு சிட்டிகை பொடி, விரலால் பரப்பி, கடின எஃகு உருளையை அழுத்தி உருட்டுங்கள். துகள் செம்பில் பதியும். பதியாததைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஏசி அறையில் உறையும். பிறகு ஒரு தட்டுக்கு ஒரே அளவு பொடிதான், சாகும் வரை. 1200-ஐத் தொட்ட துணியை 8000 பக்கம் கொண்டுபோகாதீர்கள். நகத்தடியிலும் துகள் ஒளிந்திருக்கும், நகத்தை வெட்டுங்கள், உருளையையும் அளவுக்கு ஒன்றாக வையுங்கள்...

கல்கிறுக்கன், பிரிக்ஃபீல்ட்ஸ்
சாணை அண்ணே, நகம் வெட்ட வேண்டியது நானில்லை, அந்தப் பட்டறைக்காரர்!

பாயா தெருபோங் வாசி, பினாங்கு
சரி, அந்த நீலக்கல் என்ன ஆனது? எடை போய்விட்டதா?

கல்கிறுக்கன், பிரிக்ஃபீல்ட்ஸ்
எடை பெரிதாகப் போகவில்லை. ஆனால் கீறல் மறையும் வரை முகப்பை இறக்கியதில், அதைச் சுற்றியிருந்த நட்சத்திரப் பட்டைகள் குட்டையாகிவிட்டன. எட்டையும் திரும்ப வெட்டினேன். வேறு தட்டில்.